எந்தத் தோட்டத்துக்கு எந்த ரகம்: மாறும் வானிலையில் மலை உருளைக்கிழங்கு

இந்த அத்தியாயம் நீலகிரியில் உருளைக்கிழங்கு போடுகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. கொடைக்கானல் மலைக்கும் பெரும்பகுதி பொருந்தும். தாளவாடி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பயிரிடுகிறவர்களுக்கு எங்கெங்கே வழி மாறுகிறது என்பதை இடையில் சொல்லியிருக்கிறேன்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. சமவெளியில் பல ஊர்களுக்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழை அது. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் வெப்பம் 29 டிகிரியைத் தொட்டது. கார்போகம், கடைபோகம், நீர்ப்போகம் என்று மாதக் கணக்கு வைத்து விதைத்த மலையில் இப்போது மழை வர வேண்டிய மாதத்தில் வெயிலும், மண் காய வேண்டிய மாதத்தில் மழையும் வருகின்றன. இந்த நிலையில் விவசாயிகள் முதலில் கேட்பது, 'புது ரகம் ஏதாவது வந்திருக்கிறதா?' என்பதைத்தான். வந்திருக்கிறது, பலவும் நல்லவை. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால், உங்கள் தோட்டத்தில் கிழங்கைக் கெடுப்பது எது என்று தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் வாங்கும் புது ரகம் பழைய ரகத்தைவிட மோசமாகப் போகவும் வாய்ப்பு உண்டு.

வானிலை மாற்றம் என்றதும் வெப்பம் தாங்கும் ரகம் வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றுகிறது. சமவெளிக்கு அது சரி. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டி, நஞ்சநாடு, முத்தோரை பகுதிகளுக்கு அது சரியல்ல. அங்கே இரவுகள் இன்னும் குளிர்ச்சியாகவே இருக்கின்றன. மேல்மலையில் வானிலை மாற்றம் பெரும்பாலும் நோயாகவும் தண்ணீராகவும்தான் தோட்டத்துக்குள் நுழைகிறது. மேல்மலைக்காரர் வெப்பம் தாங்கும் ரகத்தைத் தேடி அலைவது, இல்லாத நோய்க்கு மருந்து வாங்குவதாகும்.

வெப்பம் எங்கே உண்மையான பிரச்சினை

உருளைக்கிழங்குச் செடி பகலில் இலையில் தயாரிக்கும் மாவுச்சத்தைக் கிழங்கில் சேர்த்து வைக்கிறது. இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் இந்த வேலை நன்றாக நடக்கும். 20 டிகிரிக்கு மேலே போகப்போக, செடி சேர்த்ததைத் தானே மூச்சுவிட்டுச் செலவழித்துவிடும். தழை பச்சைப்பசேலென்று வளர்ந்திருக்கும், தோண்டினால் கிழங்கு இருக்காது. இருந்தாலும் முடிச்சு முடிச்சாக, ஒரு கிழங்கின் மேல் இன்னொரு குட்டிக் கிழங்கு முளைத்து, விலைக்கு ஆகாத உருவத்தில் இருக்கும்.

தாளவாடி, தேன்கனிக்கோட்டை போன்ற தாழ்வான பகுதிகளில் இதுதான் முதல் எதிரி. அவர்களுக்கு 2006-ல் வெளியிடப்பட்ட குப்ரி சூர்யா நல்ல தேர்வு. குப்ரி லவ்கர் என்ற இந்திய ரகத்தையும், பெரு நாட்டின் லிமாவில் இருக்கும் சர்வதேச உருளைக்கிழங்கு மையத்திலிருந்து வந்த எல்.டி.-1 என்ற வரிசையையும் கலந்து உருவாக்கியது அது. இரவு கொஞ்சம் புழுக்கமாக இருந்தாலும் கிழங்கு பிடிக்கும். தத்துப்பூச்சி தாக்கி இலை ஓரம் கருகுவதையும் ஓரளவு தாங்கும். இதே நோக்கத்தில் பின்னால் வந்தது குப்ரி லிமா. சமவெளியில் நவம்பர் தொடக்கத்தில் நடுவதுதான் முறை. அக்டோபரிலேயே நட்டு முன்கூட்டி விற்க ஆசைப்படுகிறவர்கள் சூர்யா போன்ற ரகம் இல்லாமல் அந்த முயற்சியில் இறங்கக் கூடாது.

மலையின் முதல் எதிரி: இலைக்கருகல்

பின்பருவ இலைக்கருகல் நோயைப் பற்றி மலை விவசாயிக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. நான்கு நாள் மூடுபனியும் தூறலும் சேர்ந்து இலை காயாமல் இருந்தால் போதும். இலை நுனியில் நீர் கோத்ததுபோல் ஒரு புள்ளி தோன்றும், அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூஞ்சை படரும், ஒரு வாரம் பத்து நாளில் தோட்டமே வெந்ததுபோல் கிடக்கும். 1845-ல் அயர்லாந்தில் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் இதே நோய்தான். முன்பு இந்த நோய்க்குப் பருவம் இருந்தது. இப்போது ஜனவரியில் நட்ட நீர்ப்போகத்திலும் இடையில் மழை புகுந்துவிட்டால் கருகல் வந்துவிடுகிறது. மருந்துச் செலவு ஏறுவதற்குக் காரணம் இதுதான்.

1968-ல் வெளிவந்த குப்ரி ஜோதி இந்த நோயைத் தாங்கும் என்று பெயர் வாங்கி மலைக்கு வந்தது. நீள்வட்ட வடிவம், வெள்ளைத் தோல், ஆழமில்லாத கண் என்று சந்தைக்குப் பிடித்த எல்லாம் அதனிடம் இருந்தன. இன்றும் இருக்கின்றன. நோயைத் தாங்கும் சக்தி மட்டும் போய்விட்டது. ரகம் மாறவில்லை, நோய்க்கிருமி மாறிக்கொண்டது. ஒரே ரகத்தை மலை முழுவதும் ஆண்டுக்கணக்கில் போட்டால் கிருமி அதை வெல்லும் வழியைக் கண்டுபிடித்துவிடும். இன்று புதிதாக வரும் ரகங்களுக்கும் இதே கதி நேரலாம் என்பதை மறக்க வேண்டாம்.

அதற்குப் பின் மலைப்பகுதிகளுக்கென்று வந்தவற்றில் 2006-ன் குப்ரி ஹிமாலினியும் 2008-ன் குப்ரி கிர்தாரியும் கருகலைத் தாங்குவதில் ஜோதியைவிட நல்லவை. இவற்றில் கிர்தாரிக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம். ஆனால் எந்த ரகமானாலும் மருந்தே அடிக்க வேண்டாம் என்று பொருள் இல்லை. தாங்கும் ரகத்தில் நோய் தாமதமாக வரும், மெதுவாகப் பரவும், அதனால் தெளிப்பின் எண்ணிக்கை குறையும். லாபம் அங்கேதான். வானம் மூடியதும், புள்ளி தெரிவதற்கு முன்னாலேயே, லிட்டருக்கு 2 கிராம் மேன்கோசெப் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளித்துவிடுங்கள். புள்ளி வந்த பிறகு மேன்கோசெப் மட்டும் போதாது. ஊடுருவிப் பாயும் மருந்து வேண்டும், அதையும் திரும்பத் திரும்ப ஒன்றையே அடிக்கக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத எதிரி: நூற்புழு

நீலகிரியில் ரகத் தேர்வை உண்மையில் முடிவு செய்வது இலைக்கருகல் அல்ல, மண்ணுக்குள் இருக்கும் முட்டைக்கூடு நூற்புழு. இந்த அத்தியாயத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

இந்தியாவில் இந்தப் புழுவை முதலில் கண்டது 1961-ல், ஊட்டி விஜயநகரத்தில். எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். தங்க நிறக் கூடு கட்டும் இனம் ஒன்று, வெளிர் நிறக் கூடு கட்டும் இனம் ஒன்று என இரண்டும் இங்கே இருக்கின்றன. பெண் புழு வேரில் ஒட்டிக்கொண்டு சாறு குடித்து, உடல் முழுக்க முட்டைகளோடு இறந்து, தன் தோலையே கூடாக விட்டுச் செல்கிறது. ஒரு கூட்டில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். உருளைக்கிழங்கு இல்லாவிட்டாலும் அவை இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு காத்திருக்கும். நீலகிரியில் விளைந்த கிழங்கை வெளிமாவட்டத்துக்கும் வெளிமாநிலத்துக்கும் விதைக்காக அனுப்பத் தடை இருப்பது இதனால்தான்.

தோட்டத்தில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? திட்டுத் திட்டாகச் செடிகள் குட்டையாக நிற்கும். நடுப்பகலில் மண்ணில் ஈரம் இருந்தும் வாடித் தொங்கும். பலர் இதை உரக்குறை என்று நினைத்து யூரியாவைக் கொட்டுகிறார்கள். பூக்கும் சமயத்தில் அந்தத் திட்டிலிருந்து ஒரு செடியை மண்ணோடு மெதுவாகக் கிளப்பி, வேரை உதறாமல் வெளிச்சத்தில் பாருங்கள். குண்டூசித் தலை அளவில், வெள்ளையாகவோ தங்க மஞ்சளாகவோ மணிகள் ஒட்டியிருந்தால் அது நூற்புழுதான். முற்றியபின் மணி பழுப்பாகி மண்ணில் உதிர்ந்துவிடும், பிறகு கண்ணால் காண்பது கடினம்.

இதைத் தாங்கும் ரகங்களுக்காக முத்தோரையில் 1957 முதல் இயங்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வேலை செய்து வந்திருக்கிறது. 1985-ல் வந்த குப்ரி ஸ்வர்ணா இரு இன நூற்புழுவையும் எதிர்க்கும். அதன் ஒரு பெற்றோர் குப்ரி ஜோதி. எதிர்ப்புச் சக்தி வந்தது சோலானம் வெர்னெய் என்ற தென் அமெரிக்கக் காட்டு இனத்திலிருந்து. பின்னால் 2010-ல் குப்ரி நீலிமாவும், அதன் பிறகு குப்ரி சஹ்யாத்ரியும் வந்தன. இவை இரண்டும் நூற்புழுவோடு சேர்த்து இலைக்கருகலையும் தாங்கும். மேல்மலையில் நூற்புழு உறுதியான தோட்டம் வைத்திருப்பவருக்கு என் பரிந்துரை இந்த இரண்டில் ஒன்று. கிர்தாரியும் ஹிமாலினியும் நூற்புழுவுக்காக உருவாக்கப்பட்டவை அல்ல. கருகலைத் தாங்குகிறது என்று கேட்டு அவற்றை நூற்புழு நிலத்தில் போட்டால் தழை நன்றாக இருக்கும்போதே வேர் போய்விடும். இப்படித்தான் நல்ல ரகம் தவறான தோட்டத்தில் கெட்ட பெயர் வாங்குகிறது.

எதிர்ப்பு ரகம் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அதன் மதிப்பு புரியும். உருளைக்கிழங்கு வேரிலிருந்து கசியும் சாறு பட்டால்தான் முட்டை பொரியும். ஸ்வர்ணா, நீலிமா போன்ற ரகங்களின் வேரும் அந்தச் சாற்றைக் கசிய விடும். புழுக்கள் பொரிந்து வேருக்குள் நுழையும். ஆனால் அங்கே அவற்றால் வளர்ந்து முட்டையிட முடியாது. அதாவது எதிர்ப்பு ரகம் விளைச்சலைத் தருவதோடு மண்ணில் இருக்கும் புழுவையும் குறைக்கிறது. சும்மா போட்ட நிலத்தில்கூட இவ்வளவு வேகமாகப் புழு குறையாது.

ஆனாலும் அதே எதிர்ப்பு ரகத்தைப் போகத்துக்குப் போகம் போடாதீர்கள். லட்சத்தில் ஒன்றாகத் தப்பிப் பிழைக்கும் புழுவின் வாரிசுகள் பெருகி, சில ஆண்டுகளில் அந்த ரகத்தையே சாப்பிடும் கூட்டம் உருவாகிவிடும். எதிர்ப்பு ரகத்துக்கு அடுத்து கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், பூண்டு என்று மாற்றிப் போட்டு, மூன்று நான்கு போகம் கழித்து உருளைக்கு வாருங்கள். தக்காளி, கத்தரி கூடாது, அவை இந்தப் புழுவுக்கு உணவு. மண்வெட்டி, பூட்ஸ், பழைய சாக்கு, டிராக்டர் சக்கரம் எல்லாமே கூட்டைச் சுமந்துபோகும். பக்கத்துத் தோட்டத்து மண்வெட்டியைக் கழுவாமல் உங்கள் தோட்டத்தில் இறக்கினால் எந்த ரகமும் காப்பாற்றாது.

வாடல் நோய்

பாக்டீரியா வாடலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு ரகத்தில் தீர்வு இல்லை. முழுமையாகத் தாங்கும் ரகம் இதுவரை நம் கைக்கு வரவில்லை. சூடான, ஈரமான மண்ணில்தான் இந்தக் கிருமி பலம் பெறும், ஆகவே மலை சூடாகும்போது இது மேலே ஏறும். பச்சையாக இருந்த செடி திடீரென்று வாடினால் தண்டை அறுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். சில நிமிடங்களில் பால்போல் இழை இறங்கினால் வாடல் நோய். அந்தத் தோட்டத்துக் கிழங்கை விதைக்கு வைக்கவே கூடாது.

விதை சரியில்லையென்றால் ரகம் வெறும் பெயர்

ரகத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கில் விதை என்பது தாய்ச்செடியின் ஒரு துண்டு. தாய்க்கு இருந்த வைரஸ், வாடல், நூற்புழு எல்லாமே அதோடு வரும். அசுவினி பரப்பும் வைரஸ் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும். குளிர் குறைந்த ஆண்டுகளில் அசுவினி பெருகுவதால் விதை இன்னும் வேகமாகக் கெடுகிறது. அறுபதுகளிலேயே வட இந்தியச் சமவெளியில் அசுவினி குறைந்த மாதங்களில் பயிர் செய்து, அது பெருகும் முன் தழையை அறுத்துவிடும் முறை வந்தது. நம் பக்கம் பஞ்சாப் விதை வருவதற்கு அதுவே அடிப்படை. ஜலந்தர் விதை என்ற பெயர் சாக்கில் இருந்தால் மட்டும் போதாது. சான்று அட்டை இருக்கிறதா, எந்தத் தலைமுறை விதை, எந்த மாதம் அறுத்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத வியாபாரியிடம் வாங்க வேண்டாம்.

புது ரக விதை போதுமான அளவில் கிடைக்காததுதான் அவை பரவாமல் இருப்பதற்கு முதல் காரணம். இதற்குக் கர்நாடகத்தின் ஹாசனில் ஒரு நல்ல வழி பிடித்திருக்கிறார்கள். திசு வளர்ப்புச் செடியைச் சிறிய நர்சரியில் தென்னைநார்க் கழிவில் வளர்த்து, அதன் நுனியைக் கிள்ளி வேர்பிடிக்க வைத்து, நாற்றாக விவசாயிக்கு விற்கிறார்கள். வியட்நாமின் தாலாத் மலை விவசாயிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே கையாண்ட முறை இது. ஒரு நாற்றிலிருந்து ஏழெட்டு கிழங்காவது கிடைக்கும். அதை அடுத்த போகம் விதையாக்கலாம். ஆயிரம் கிலோ விதை லாரியில் வருவதற்குப் பதில் சில தட்டு நாற்று வந்தால் நோய் வரும் வாய்ப்பும் குறையும், செலவும் குறையும். நம் மலையிலும் நாலைந்து விவசாயிகள் சேர்ந்து நிழல்வலைக் கூடாரத்தில் இதைச் செய்ய முடியும். உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விதைக்கிழங்கை வாங்கியதும் சாக்கிலேயே விட்டுவிடாதீர்கள். நேர் வெயில் படாத, வெளிச்சம் உள்ள இடத்தில் ஓரடுக்காகப் பரப்புங்கள். முளை குட்டையாக, தடிமனாக, பச்சையாக வரும். இருட்டில் வெளுத்து நீண்ட முளை நடும்போதே ஒடிந்துவிடும். ஒரு விதை 40, 50 கிராம் இருந்தால் போதும். பெரிய கிழங்கை வெட்டி நடும் பழக்கம் செலவைக் குறைக்கிறது, ஆனால் மண் சூடாகவோ சொதசொதவென்றோ இருக்கும் சமயத்தில் வெட்டுப் பக்கம் அழுகிவிடும். வானிலையை நம்ப முடியாத இந்தக் காலத்தில் முழுக்கிழங்கு நடுவதே பாதுகாப்பு. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று கண் இருக்கட்டும், கத்தியை அடிக்கடி கிருமிநாசினியில் நனையுங்கள்.

நடவும் பராமரிப்பும்

இடைவெளி 45-க்கு 20 செ.மீ., ஏக்கருக்கு 1,200 முதல் 1,400 கிலோ விதை என்பது மாறவில்லை. மாற வேண்டியது பார் பிடிக்கும் விதம். சரிவுக்கு நேராக மேலிருந்து கீழே பார் பிடித்தால் தண்ணீர் சீக்கிரம் வடியும் என்பது உண்மை. பெருமழையில் மேல்மண்ணும் விதையும் சேர்ந்து வடிந்துவிடும் என்பதும் உண்மை. சம உயரக் கோட்டை ஒட்டி, மிக லேசான சாய்வோடு பார் பிடித்து, ஓரத்தில் புல் வளர்த்த வடிகாலில் தண்ணீரைச் சேருங்கள். 45-ம் நாள் வேர்க்கொடி அறுபடாமல் முதல் களை கொத்தி, 60-ம் நாள் நன்றாக மண் அணைக்க வேண்டும். மண் மூடாத கிழங்கு வெயில் பட்டுப் பச்சையாகும், அந்தப் பச்சை நஞ்சு. வறட்சியில் மண் வெடித்தால் அந்துப்பூச்சி வெடிப்பு வழியாக இறங்கிக் கிழங்கில் முட்டையிடும். இரண்டுக்கும் மண் அணைப்பே காப்பு. அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு தழையைத் தரையோடு அறுத்து அப்புறப்படுத்தினால் தோல் முற்றும், கருகல் கிருமியும் கிழங்குக்கு இறங்காது. நீர்ப்பனி, உறைபனி மாதங்களில் முந்தைய மாலை லேசாகத் தெளிப்புநீர் விட்டால் இலை கருகுவது குறையும்.

முழுத் தோட்டத்தைப் பணயம் வைக்காதீர்கள்

எந்தப் புது ரகத்தையும் முதல் போகத்திலேயே முழுத் தோட்டத்தில் போட வேண்டாம். ஒரே மட்டத்தில், ஒரே மண்ணில், நாலு பார் புது ரகம், இரு பக்கமும் பழைய ரகம் என்று நடுங்கள். உரம், மருந்து எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். கருகல் முதலில் எந்தப் பாரில் எந்தத் தேதியில் தெரிந்தது என்று நோட்டில் குறியுங்கள். அறுத்ததும் இரண்டையும் தனித்தனியே எடை போடுங்கள், பெருவட்டு எவ்வளவு, பொடி எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். கொஞ்சம் வீட்டில் வேகவைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். மழை மிகுந்த ஒரு போகமும் வறண்ட ஒரு போகமும் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

மேட்டுப்பாளையம் மண்டியை மறந்து ரகத்தை முடிவு செய்ய முடியாது. ஊட்டிக் கிழங்குக்கு அங்கே தனி விலை கிடைப்பது அதன் சுவைக்கும் தோலின் தோற்றத்துக்கும்தான். கண் ஆழமாக இருந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ வாங்குகிறவர் விலையைக் குறைப்பார், உங்கள் ரகம் எத்தனை நோயைத் தாங்கியது என்று கேட்க மாட்டார். சோதனை போகத்துக் கிழங்கில் ஒரு மூட்டையைத் தனியாக ஏலத்துக்கு அனுப்பி என்ன விலை போகிறது என்று பார்ப்பது நல்லது. 1935 முதல் இயங்கும் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் இதற்கு வசதியான இடம். விலை மூட்டைக்குக் கொஞ்சம் குறைந்தாலும், மிச்சமான மருந்துச் செலவைக் கழித்துக் கணக்குப் பார்த்தால் புது ரகம் முன்னால் நிற்கலாம். அந்தக் கணக்கை எழுதிப் பார்க்காமல் ரகத்தைக் கைவிடாதீர்கள்.

அடுத்த போகத்துக்கு விதை வாங்கப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். தோட்டத்தின் குறுக்கும் நெடுக்குமாக இருபது இடங்களில் ஒரு கைப்பிடி மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, அரைக் கிலோவைப் பையில் போட்டு, எந்த மட்டத்து மண் என்று எழுதி, நூற்புழுப் பரிசோதனைக்குக் கொடுங்கள். எங்கே கொடுப்பது என்று முத்தோரை நிலையத்திலோ தோட்டக்கலை அலுவலகத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள். முடிவு கைக்கு வந்த பிறகு ரகத்தை முடிவு செய்யுங்கள்.